அல்லாஹ்வுக்குச் சொன்ன பதில்

சிஸ்டர்,

இன்று பத்தாம் வகுப்பில் பருவக்காற்றைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது பெப்பர்மின்ட் வாசம் வந்தது. பின்வரிசையில் ஒரு பிள்ளை சுவிங்கம் சப்பிக்கொண்டிருந்தாள். என் வகுப்பில் அது கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். நான் கிட்டப் போனதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கன்னம் மட்டும் ஒரு பக்கம் புடைத்திருந்தது. வழக்கமான ஏச்சு வாய்வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அந்த வாசம் என்னை நேரே உங்கள் வார்டுக்குக் கொண்டுபோய்விட்டது. "வெளிய போய்த் துப்பிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி, வங்காள விரிகுடாவின் மேல் தேவையில்லாமல் ஓர் அம்புக்குறி போட்டேன். என் முகத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

நாற்பதைத் தாண்டிய ஒரு புவியியல் டீச்சர், தலையில் முக்காடோடு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி மாடு அசைபோடுவதுபோலச் சுவிங்கம் சப்பிக்கொண்டிருந்ததை உங்களைத் தவிர யாரிடம் சொல்லிச் சிரிப்பது? "நல்லாச் சப்புங்க டீச்சர். வாய் வேல செஞ்சா, சாப்பாடு வருதாக்கும் எண்டு நினைச்சுக் குடல் எழும்பும். வயித்த ஏமாத்துறதுல பாவமில்ல" என்றீர்கள். உம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பைக்கற்றைத் திருப்பித் திருப்பி ஹலால் முத்திரை தேடினார். "தேடாதீங்க உம்மா, நான் பாத்துத்தான் வாங்கின" என்று நீங்கள் அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னீர்கள்.

பெருங்குடலில் கட்டி என்று சொன்னபோது நான் பயந்தது கத்திக்குத்தான். மயக்கத்தில் போட்டு, வயிற்றைத் திறந்து, கெட்ட துண்டை வெட்டியெடுத்து, மிச்சத்தைப் பொருத்தித் தைப்பார்கள் என்று டொக்டர் படம் கீறிக் காட்டினார். அது நல்லபடியாக முடிந்தது. முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் பார்க்க வந்தார்கள். உம்மா கட்டிலோரம் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொன்னார்: "என்ட மகள் ஒரு ஆ எண்டு கூடச் சொல்லல்ல. அவ்வளவு ஸபுர்." வந்தவர்களும் என் பொறுமையை மெச்சிவிட்டுப் போனார்கள்.

உண்மை என்னவென்றால், எனக்கு மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. இழுத்தால் தையல் பிய்ந்துவிடும்போல் நொந்தது. ஆகவே மூச்சை மேலோட்டமாக, நாய்க்குட்டிபோல வாங்கினேன். இருமல் வந்தால் விழுங்கினேன். அசையாமல் கிடந்தேன். தாதிகள் அட்டையோடு வந்து, "நோவு எப்பிடி டீச்சர்?" என்று கேட்கும்போதெல்லாம், "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். அவர்கள் நோவின் அளவுக்குப் பூச்சியம் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அது பொய்யல்ல. எங்கள் ஊர்களில் எப்படியிருக்கிறாய் என்று கேட்டால் வேறென்ன சொல்வது? வெள்ளம் வயலைக் கொண்டுபோன அன்றும் வாப்பா அதைத்தான் சொன்னார். உயிரோடு இருக்கிறேன், அதற்கு நன்றி என்று அர்த்தம். நோவு எவ்வளவு என்பதற்கு அதில் விடையே கிடையாது. ஆனால் உங்கள் அட்டையில் நன்றிக்கு ஒரு கட்டம் இல்லை, சிஸ்டர். பூச்சியத்துக்கு இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் கல்முனைக் கடற்கரையைச் சேர்ந்த ஓர் அக்கா. மீன்பிடிக்கிற குடும்பம். அவருக்கும் குடலில்தான் ஒப்பரேசன். அவர் வார்டே அதிரக் கத்துவார். "ஐயோ என்ட அம்மாளே, கொல்லுறாங்களே, ஒருத்தருக்கும் கண்ணில்லையா?" தாதிகள் ஓடிவந்து மருந்து கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தால் அதே அக்கா, எல்லாரையும் திட்டிக்கொண்டே எழும்பி, சேலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு வார்டைச் சுற்றி வருவார். உம்மா அவருக்காக மிகவும் இரக்கப்பட்டார். "பாவம், பொறுக்கத் தெரியாது" என்று என் காதில் சொன்னார். அப்படிச் சொன்ன நேரம் அந்த அக்கா சூப் குடித்துக்கொண்டிருந்தார். நான் வெறும் பச்சைத் தண்ணீராக வாந்தியெடுத்துக்கொண்டிருந்தேன்.

என் வயிறு ரபான் பறைபோல உப்பியிருந்தது. டொக்டர் விரலால் தட்டிப் பார்த்தார். குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். சிங்களவர்; தமிழ் கொஞ்சம் கதைப்பார். "வயிறு இன்னும் நித்திர. எழும்பல்லேண்டா, திரும்பத் திறந்து பாக்க வேணும்" என்றார். உம்மாவின் விரல்களில் மணி உருள்வது நின்றுவிட்டது. திரும்பவா? ஒருமுறை போய் வந்த அந்த இடத்துக்குத் திரும்பவும் போனால் வருவேனா? என் சின்னமகளுக்குத் தானாகத் தலைபின்னக்கூடத் தெரியாது. அந்த நேரம் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் நீங்கள் வந்தீர்கள். அதுவரைக்கும் உங்களை வார்டின் மற்ற அந்தத்தில் கேட்கும் ஒரு சத்தமாகத்தான் எனக்குத் தெரியும். கல்முனைத் தமிழ்ப் பகுதியைச் சேர்ந்தவர், வார்டுக்குப் பொறுப்பானவர், டொக்டரே பயப்படுகிற ஆள் என்று சொல்லியிருந்தார்கள். அட்டையை எடுத்துப் பார்த்தீர்கள். வரிசையாகப் பூச்சியம். பிறகு யாரும் செய்யாத ஒன்றைச் செய்தீர்கள்: என் கட்டிலில் உட்கார்ந்தீர்கள்.

"நோவு எப்பிடி டீச்சர்?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"ஓம்" என்றீர்கள். "அது அல்லாஹ்வுக்குச் சொன்ன பதில். அங்க போய்ச் சேர்ந்திட்டு. இப்ப எனக்கு ஒரு பதில் சொல்லுங்க."

உம்மா நிமிர்ந்து பார்த்தார். ஒரு தமிழ்ப் பெண், பொட்டு வைத்தவர், அல்லாஹ்வுக்கும் தனக்கும் தனித்தனிப் பதில் கேட்கிறார். "மகள், நாங்க அப்பிடித்தான் சொல்லுற" என்றார், கொஞ்சம் கடுமையாகவே.

"தெரியும் உம்மா. இந்த வார்ட்டில தலை நரைக்கிற வரைக்கும் இதக் கேட்டுக்கொண்டுதானே இரிக்கன். கன காலம் நானும் பூச்சியம் எண்டுதான் எழுதின. பூச்சியம் எழுதின ஆக்கள்தான் நெஞ்சில சளி கட்டி, காய்ச்சல் வந்து, கன நாள் கிடந்தாங்க. கத்தின ஆக்கள் பாய சுருட்டிக்கொண்டு வீட்ட போனாங்க. அதுக்குப் பிறகுதான் எனக்கு மூள வந்த." பிறகு என் பக்கம் திரும்பி, "இருமுங்க பாப்பம்" என்றீர்கள்.

முயற்சி செய்தேன். ஒரு சின்னச் சத்தம் வந்தது.

"இது இருமல் இல்ல, பூனை தும்மின. சரி, எத்தின நோவு எண்டு இனி நான் கேக்க மாட்டன். நோவு உங்கள என்ன செய்ய விடுதில்ல? அதச் சொல்லுங்க."

அந்தக் கேள்வியில் எனக்கு ஒளிந்துகொள்ள இடம் இருக்கவில்லை. பொறுமைசாலி என்ற பெயரும் அதில் கெடாது. என் வாயிலிருந்து வந்த விடையை நானே எதிர்பார்க்கவில்லை. "சுஜூது செய்ய ஏலாது சிஸ்டர்" என்றேன். "நெற்றிய நிலத்தில வைக்க ஏலாது. இனி எண்டைக்கும் ஏலாதெண்டு நினைக்கன்." சொன்னதும் அழுகை வந்தது. அழுதால் வயிறு நொந்தது. வயிறு நொந்ததால் இன்னும் அழுகை வந்தது. நீங்கள் ஒரு தலையணையை எடுத்து என் வயிற்றோடு வைத்து, அதன் மேல் என் இரண்டு கைகளையும் வைத்து, "இதக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுங்க, நோகாது" என்றீர்கள். அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை.

"சுஜூதுக்கு நாள் செல்லும். முதல்ல இருமல். பிறகு கதிரை. பிறகு கக்கூஸ் மட்டும் நடை. அவசரப்பட வேணாம், நிலம் எங்கயும் போகாது. அங்கதான் கிடக்கும்."

பிறகு நீங்கள் டொக்டரோடு கதைத்தது எனக்குக் கேட்டது. உங்கள் குரல் அப்படி. நோவைக் காத்திருந்து துரத்துவது சரிவராது, அது வருமுன்பே மறிக்க வேண்டும் என்றீர்கள். பலமான ஊசியை மட்டும் நம்பினால் அது குடலையும் சேர்த்து நித்திரையாக்கும்; ஆகவே அதைக் குறைத்து, மற்ற மருந்துகளை, நான் கேட்டாலும் கேட்காவிட்டாலும், நேரத்துக்கு நேரம் ஏற்றுவது என்று இருவரும் முடிவெடுத்தீர்கள். ஊசிக்குப் பழகிவிடுவேனோ என்று நான் கேட்டேன். "இந்தக் கொஞ்ச நாளைக்கு, எங்கட கண்ணுக்கு முன்னால எடுக்கிற மருந்துக்கா? நீங்க சீனி போட்ட தேத்தண்ணிக்கு அடிமையா இரிக்கிறதப் பத்தி முதல்ல கவலப்படுங்க" என்றீர்கள்.

உம்மா விடவில்லை. "பச்சப் புண்ணோட நடக்க வெக்கிறயா மகள்? அவ பொறுத்துக்கொண்டு கிடக்கட்டும்."

"பொறுக்கட்டும் உம்மா. நடந்துக்கொண்டு பொறுக்கட்டும். கிடந்துக்கொண்டு பொறுத்தாக் குடலும் அவவோட சேர்ந்து கிடக்கும்."

மருந்து ஏறிக் கொஞ்ச நேரத்தால், ஒருபக்கமாகச் சரித்து, வயிற்றில் ஒரு கையை வைத்து, மற்ற முழங்கையை ஊன்றப் பழக்கி, என்னைக் கட்டிலிலிருந்து இறக்கினீர்கள். முதல் அடிக்குத் தலை சுற்றியது. இரண்டாவது அடிக்கு உங்கள் தோளை நகத்தால் கிள்ளிவிட்டேன். பக்கத்துக் கட்டில் அக்கா தன் கம்பியோடு முன்னால் வந்து நின்றார். "என்ன டீச்சர், பள்ளிக்கூடத்துக்கும் இப்பிடி ஊர்ந்துதான் போறயளா? வாங்க, நான் முன்னால போறன். கடலுக்கா கூப்பிர்றன், கக்கூசுக்குத்தானே." உம்மா பின்னால் சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லா துஆக்களையும் சத்தமாக ஓதிக்கொண்டு வந்தார். ஒரு கல்யாண ஊர்வலம்போல நாங்கள் கக்கூசுக்குப் போய் வந்தோம்.

அடுத்த நாளும் நடந்தேன். வயிறு அசையவில்லை. டொக்டர் வந்து தட்டிப் பார்த்து, நாளைக்குப் பார்ப்போம் என்றார். அந்த "நாளைக்கு" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நீங்கள் இன்னொரு சுவிங்கத்தை உரித்துத் தந்தீர்கள். சப்பினேன். நடந்தேன். திரும்பவும் நடந்தேன்.

பின்னேரம், அஸர்த் தொழுகை நேரம். தண்ணீர் படக் கூடாதென்பதால் மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்து, கதிரையில் உட்கார்ந்து தொழுதுகொண்டிருந்தேன். பாதியில் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. எங்கோ தூரத்தில் ஒரு கதவு திறப்பதுபோல. பிறகு காற்றுப் போனது. அத்தனை கட்டில்களுக்கும் கேட்டிருக்கும். எந்தத் தொழுகையிலும் வெட்கத்தில் சுருண்டுபோகிற விசயம். தொழுகைக்கான சுத்தமே முறிந்துவிடும், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் தொழுகையை விட்டுவிட்டுச் சிரித்தேன். நீங்கள் மருந்து அலுமாரியோடு நின்றிருந்தீர்கள். எனக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் பாஷையில் சொன்னேன்: "சிஸ்டர், வுழு முறிஞ்சிட்டு."

ஒரு கணம் விளங்காமல் பார்த்தீர்கள். விளங்கியதும் கையிலிருந்த தட்டை மேசையில் போட்டுவிட்டு, "டொக்டர்! டீச்சருக்கு வுழு முறிஞ்சிட்டு!" என்று வாசல்வரைக்கும் கத்திக்கொண்டு ஓடினீர்கள்.

"என்ன முறிஞ்சிட்டு?" என்று பதறிப்போனார் பக்கத்துக் கட்டில் அக்கா. "ஐயோ பாவம், இப்பதானே நடக்கத் தொடங்கின!"

உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நீங்கள் திரும்பி வந்து, "இப்ப சொல்லுங்க உம்மா, எத்தின தரமும் சொல்லுங்க. இதுக்கு நான் எதிர்ப்பில்ல" என்றீர்கள். டொக்டரும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் மிகவும் மரியாதையாக, "வுழு முறிஞ்சதா அம்மா?" என்று கேட்பாராம். பாதிப் பேர் வெட்கத்தில் போர்வைக்குள் போய்விடுவார்களாம். நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

நான் வீட்டுக்கு வந்த பிறகும் உங்கள் சண்டை ஓயவில்லை. வயிறு சத்தம் போடும்வரை ஒரு சொட்டும் கொடுக்காமல் கிடத்துகிற பழைய வழக்கத்தோடு மோதினீர்கள். டொக்டர் யோசித்தார். உடனே இணங்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக, ஆளைப் பார்த்து அனுமதித்தார். ஒருமுறை உங்கள் பேச்சைக் கேட்டு நேரத்தோடு தேநீர் குடித்த ஒரு பெண் வாந்தியெடுத்துத் துவண்டுவிட்டாள். நீங்களே டொக்டரிடம் போய், "நான் அவசரப்பட்டிட்டன்" என்று சொல்லிவிட்டு, உங்கள் வேலை நேரம் முடிந்தும் அவள் பக்கத்திலிருந்து போகவில்லை என்று, கிளினிக்குக்குப் போய் வந்த பக்கத்துக் கட்டில் அக்காதான் எனக்குச் சொன்னார். நீங்கள் சொல்லவில்லை. ஒன்றில் பிழைவிட்டோம் என்று எல்லாவற்றையும் கைவிடாமலும், விட்ட பிழையை மறைக்காமலும் இருப்பது எவ்வளவு கடினம் என்று, ஒவ்வொரு நாளும் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிற எனக்குத் தெரியும்.

தாதிகள் அட்டையில் நோவின் அளவை எழுதுமுன்பு இருமச் சொன்னார்கள். கட்டிலிலிருந்து இறங்க முடிகிறதா என்று பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் எழுதினார்கள். பெண்கள் முந்தியைவிடக் கெதியாக வீடு போனார்கள். இதெல்லாம் பெரிய மாற்றமா என்று வெளியே இருப்பவர்கள் கேட்கலாம். உள்ளே கிடந்தவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து கன நாள் கதிரையில்தான் தொழுதேன். பிறகு ஒரு மத்தியானம், ளுஹர்த் தொழுகை நேரம், யாரும் இல்லாதபோது, மெதுவாகக் குனிந்து பார்த்தேன். தையல் இழுத்தது, ஆனால் விட்டது. நெற்றி பாயில் பட்டது. அப்படியே எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. தொழுது முடித்ததும் முதல் வேலையாக உங்களுக்குத்தான் போன் எடுத்தேன். "சிஸ்டர், நிலத்தில வெச்சிட்டன்" என்றேன்.

"நிலம் இரிந்ததா?" என்றீர்கள்.

"இரிந்தது."

"நான் சொன்னதானே" என்றுவிட்டு, யாரையோ எழும்பி நடக்கச் சொல்லி ஏசிக்கொண்டே போனை வைத்துவிட்டீர்கள்.

பிறகு நீங்கள் என்னையும் வேலைக்கு எடுத்துக்கொண்டீர்கள், சம்பளமில்லாமல். "டீச்சர், உங்கட ஆக்கள் ஒராள் வந்து அல்ஹம்துலில்லாஹ்வோட கிடக்கா. நான் கேட்டாச் சொல்லுறா இல்ல. ஒருக்கா வந்திட்டுப் போங்க." பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி, நிந்தவூர், காரைதீவு எல்லாம் தாண்டி வருவேன். அந்தப் பெண்ணிடம் நோவைப் பற்றிக் கதைக்கமாட்டேன். என் தழும்பைக் காட்டுவேன். எனக்கு வுழு முறிந்த கதையைச் சொல்வேன். அவள் சிரிப்பாள்; சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். எந்த இடத்தில் பிடித்தாள் என்பதை நீங்கள் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்துவிடுவீர்கள்.

நீங்கள் ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் போனில் கதைத்தோம். எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "கடவுள் புண்ணியத்தில நல்லா இரிக்கன்" என்றீர்கள். எனக்கு விடுவதற்கு மனமில்லை. "அது கடவுளுக்குச் சொன்ன பதில் சிஸ்டர்" என்றேன். மறுமுனையில் நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சிரித்து முடித்துவிட்டு, மெதுவாக, "முழங்கால் சரியில்ல டீச்சர்" என்றீர்கள். "கோயில்ல விழுந்து கும்பிட்டா எழும்ப ஏலாமக் கிடக்கு. போன வெள்ளிக்கிழமை ஐயர் வந்து தூக்கிவிட்டவர்." நான், "நிலம் எங்கயும் போகாது, ஆனா நீங்க அங்கயே இரிந்திராதீங்க" என்றேன். அடுத்த கிழமை முழங்காலைக் காட்டப் போவதாகச் சொன்னீர்கள். போனீர்களா என்று கேட்கவேண்டும் என்று இருந்தேன்.

மாரி மழை விடாமல் பெய்த ஒரு காலையில் பக்கத்துக் கட்டில் அக்கா போன் எடுத்தார். "டீச்சர், எங்கட சிஸ்டர் போயிட்டா" என்றார். நித்திரையிலேயே போய்விட்டீர்களாம், ஒரு சத்தமும் இல்லையாம். எல்லாரையும் கத்த வைத்தவர் கத்தாமல் போய்விட்டார்.

உங்கள் வீட்டு முன்கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். நான் போனபோது அபாயா போட்ட பெண்கள் நிறையப் பேர் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று. ஒருவரையொருவர் தெரியாது. பொட்டு வைத்த பெண்களும் அவர்களுக்கிடையில் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் கணவர் வாசலில் நின்று, "இவங்க எல்லாரும் ஆர்?" என்று என்னிடம் கேட்டார். "வார்ட்டில கிடந்த ஆக்கள்" என்றேன். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பக்கத்துக் கட்டில் அக்கா தன் வழக்கப்படி கூரை அதிர அழுதுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தி, "பொறுத்துக்கொண்டு இருக்காதீங்க டீச்சர், வாய்விட்டு அழுங்க" என்றார். ஒப்பாரி வைத்து அழுவது எங்கள் வழக்கமில்லை. ஆனால் அன்று கண்ணீரை மறைக்கவும் இல்லை.

உங்களை வெளியே எடுக்கும் நேரம் வந்தது. எல்லாரையும் எழும்பச் சொன்னார்கள். அப்போதுதான் அதைக் கண்டேன். அந்தப் பாயிலிருந்த பெண்களில் அரைவாசிப் பேர் நேரே எழும்பவில்லை. முதலில் ஒருபக்கமாகச் சரிந்தார்கள். ஒரு கையால் வயிற்றை அணைத்தார்கள். மற்ற முழங்கையை ஊன்றினார்கள். மூச்சை வெளியே விட்டுக்கொண்டு, கால்களைச் சேர்த்து, மெதுவாக எழும்பினார்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு வயது. யாருடைய புண்ணும் இப்போது பச்சையில்லை. யாரும் யாரையும் பார்த்துச் செய்யவுமில்லை.

நானும் அப்படித்தான். சுபஹுக்குப் பாங்கு சொன்னதும், ஒருபக்கம் சரிந்து, வயிற்றில் கை வைத்து, முழங்கையை ஊன்றுகிறேன். என் கணவர் பாதிக் கண்ணைத் திறந்து, "இன்னமும் நோகுதா?" என்று கேட்பார்.

"நோவில்ல. சிஸ்டர் எழுப்புறா" என்று சொல்லிவிட்டுக் காலை நிலத்தில் வைக்கிறேன்.